இடிக்குப் பிடுங்கிய வயர்

நான் நல்லவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஏதோ ஒரு இடத்தில் நான் திருந்திவிடுவேன் என்று யாராவது காத்திருந்தால், அவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்.

ஏற்காட்டில் ஏரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், மிளகாய் பஜ்ஜிக் கடைகளுக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். மலையில் இருக்கும் லாட்ஜுகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், சில எஸ்டேட் ஆபீஸ்கள், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, இவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. மொத்தம் நாற்பதுக்குச் சற்று மேல் மெஷின்கள். அவற்றில் ஓட்டை அடைப்பது என் வேலை. பேட்ச் போடுவது என்போம்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன பேக்கேஜ்கள் சேர்ந்தது. பிரிண்டருக்கு ஒன்று, கடவுச்சொல்லைச் சரிபார்க்க ஒன்று, படம் காட்ட ஒன்று. எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ எழுதியவை. மனுஷன் எழுதியது என்றால் ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஓட்டையை ஒருவர் கண்டுபிடித்ததும் உலகத்துக்கே அறிவிப்பு வரும்: இந்த பேக்கேஜில் இந்த வெர்ஷன் வரைக்கும் ஓட்டை, உடனே புதுசு போட்டுக்கொள். அந்த அறிவிப்பை நாங்களும் படிப்போம், திருடனும் படிப்பான். அவனுக்கு முன்னால் நாங்கள் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம். இதற்காக என்னை எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள்.

பேட்ச் போடுவது புதன்கிழமைகளில். சனி ஞாயிறில் மெஷினைத் தொட்டால் லாட்ஜ்காரர்கள் கொன்றுவிடுவார்கள், கீழேயிருந்து கார் காராக வந்து இறங்கும் கூட்டத்துக்கு ரூம் போட வேண்டுமே. புதன் மத்தியானம் மலை காலியாகக் கிடக்கும். அன்றைக்கு மூன்று மணிக்கு எல்லா மெஷின்களிலும் தானாகவே அப்டேட் ஓடும். ஓடி முடிந்ததும் ஒரு ரிப்போர்ட் வரும். சரியாக இருந்தால் பச்சை, பாக்கி இருந்தால் சிவப்பு.

இதில் மலைக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. சேர்வராயன் மலையில் இடி என்றால் சும்மா இல்லை. வீட்டுக்கு வீடு டி.வி. வெடித்த கதை இருக்கும். அதனால் மத்தியானம் மேகம் கூடி முதல் உறுமல் கேட்டதும், ஹோட்டல் ரிசப்ஷன் முதல் ஆஸ்பத்திரி லேப் வரைக்கும் எல்லோரும் எழுந்து போய் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். கரண்ட் வயர், இன்டர்நெட் வயர், கைக்கு எது அகப்படுகிறதோ அது. பிறகு அதைத் திரும்பச் செருக மறந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்டேட் ஓடும் மூன்று மணிதான் இடி இடிக்கும் மூன்று மணியும். எத்தனையோ புதன்களில் பாதி மெஷின்கள் விட்டுப்போகும். மறுநாள் வயர் செருகியதும் தானாக ஏறிக்கொள்ளும். அதனால் எங்கள் ஆபீஸில் எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான்: இடிக்கு வயரைப் பிடுங்கியிருப்பாங்க.

ஆபீஸில் எனக்குக் கீழே வேலை பார்த்த அவளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு மலை விவசாயிக் குடும்பம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அவள் அப்பா மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறியவர் மேலேயிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. அம்மா முன்பே இல்லை. அதனால் மலையை விட்டு இறங்கி வேலை தேட அவளால் முடியாது. காலையில் அப்பாவுக்கு எல்லாம் செய்து வைத்துவிட்டுப் பஸ் பிடித்து வருவாள், சாயங்காலப் பஸ்ஸில் திரும்ப வேண்டும். ஏற்காட்டில் அவள் படித்த படிப்புக்கு இருந்த ஒரே வேலை எங்கள் ஆபீஸ் வேலை. இது போனால் எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது அவள் நோட்டு. லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. புதன் தோறும் ரிப்போர்ட் பச்சையாக வந்த பிறகும் அவள் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் தனித்தனியாகப் போய், எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷனில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்து நோட்டில் எழுதுவாள். புதியது நீலம், பழையது சிவப்பு.

“ரிப்போர்ட்தான் வருதே, அப்புறம் எதுக்கு இந்தக் காப்பி எழுதற வேலை?” என்று கேட்டேன்.

“ரிப்போர்ட்டு சொல்றது ரிப்போர்ட்டுங்க சார். மெஷின் சொல்றது வேறயா இருந்துச்சுன்னா?”

“உங்க ஊர்ல சாமையப் புடைக்கிற மாதிரி ஒவ்வொண்ணாப் புடைச்சிட்டு இருக்க நீ” என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த புதனும் எழுதினாள். அவள் என்னைவிட நன்றாக வேலை செய்கிறாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். நாற்பத்து மூன்று வயதில் ஒருவனுக்கு அது தெரியவரும்போது அவன் சிரிப்புக் காட்டுவது தவிர வேறு என்ன செய்வான்?

இப்போது ஆஸ்பத்திரி லேப் மெஷினுக்கு வருகிறேன். மார்கழியில் ஒரு காலை, பனி ஜன்னலுக்கு வெளியே சுவர் மாதிரி நின்றது. லேபில் இருந்து ஃபோன். முந்தின நாள் ஏறிய அப்டேட்டுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பிரிண்டரில் எழுத்துக்குப் பதிலாகக் கோடும் புள்ளியுமாக வருகிறதாம். லேப்காரர் கத்தினார். ஆஸ்பத்திரி மேனேஜர் அவருக்கு மேல் கத்தினார். அந்த மேனேஜர் ஒரு தனிப் பிறவி. சிவப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் முதலாளிக்கு ஃபோன் போட்டுவிடுவார்.

புதிய பிரிண்டர் பேக்கேஜுக்கும் அவர்களுடைய அரதப் பழசான பிரிண்டருக்கும் ஒத்துப்போகவில்லை. முறையாகச் செய்வதென்றால் பிரிண்டரின் மென்பொருளைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும், அரை நாள் வேலை. நான் அதைச் செய்யவில்லை. பழைய வெர்ஷனையே திரும்பப் போட்டேன். அடுத்த புதன் அது மறுபடி ஏறிவிடாமல் இருக்க அந்த ஒரு பேக்கேஜை மட்டும் ஹோல்டில் வைத்தேன். ஹோல்ட் என்றால் இதைத் தொடாதே, இப்படியே கிடக்கட்டும் என்று மெஷினுக்குச் சொல்வது. பிரிண்டர் ஓடியது. என்னைக் கடவுள் என்றார் லேப்காரர். ஒரு நாள் போய்ச் சரிசெய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஹோல்டில் வைத்தால் ரிப்போர்ட்டில் சிவப்பு வருமே என்று கேட்கலாம். வராது. ரிப்போர்ட் போடும் புரோகிராமை எழுதியவனே நான்தான். மேனேஜர் தொல்லை தாங்காமல், ஹோல்டில் இருப்பதைப் பாக்கியில் சேர்க்காதே என்று அதில் ஒரு வரி முன்பே எழுதி வைத்திருந்தேன். ஆக, அடைக்காத ஓட்டைக்கும் பச்சை. இன்னொரு விதியும் நான் போட்டதுதான்: ஒருவர் வைத்த ஹோல்டை இன்னொருவர் எடுக்கக் கூடாது, வைத்தவர்தான் எடுக்க வேண்டும். ஒரு முறை ஒரு பையன் நான் வைத்ததை எடுத்துவிட்டான் என்பதற்காக ஆபீஸே அதிரக் கத்திவிட்டுப் போட்ட விதி.

சித்திரையில் அறிவிப்பு வந்தது. அதே பிரிண்டர் பேக்கேஜ். வெளியிலிருந்து எவனும் உள்ளே நுழைந்துவிடக்கூடிய பெரிய ஓட்டை. அந்தப் புதன் பேட்ச் வேலையைக் கவனிக்கும் முறை அவளுக்கு. எல்லா மெஷினும் பச்சை. ரிப்போர்ட்டின் அடியில் வழக்கம்போல் அவள் பெயர். சாயங்காலம் நோட்டோடு என் மேஜைக்கு வந்தாள்.

“ஏனுங்க சார், லேப் மெஷின்ல மட்டும் பிரிண்டர் பேக்கேஜ் பழைய வெர்ஷன்லயே நிக்குதுங்க. ஆனா ரிப்போர்ட்டு பச்சைங்க.”

நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் கையில். உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தேன்.

“மத்தியானம் இடி இடிச்சுதில்ல? வயரைப் புடுங்கியிருப்பாங்க. நாளைக்குத் தானா ஏறிக்கும்.”

“சரிங்க சார்.”

ஒண்டிக்கடைத் திருப்பத்தில் ஸ்கூட்டரில் போகும்போது ஞாபகம் வந்தது. மார்கழி, பனி, நான் வைத்த ஹோல்ட். வண்டியை ஓரங்கட்டி ஒரு ஃபோன் செய்திருந்தால் முடிந்திருக்கும். எடுத்தால் மறுபடி பிரிண்டர் கெடும், மேனேஜர் கத்துவார். அடுத்த புதன் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த புதன் அவள் மறுபடி வந்தாள். இந்த முறை உட்காராமல், குரலைத் தாழ்த்தி, பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி கேட்டாள்.

“சார், அந்த லேப் மெஷினுங்க. இன்னும் அப்படியேதான் இருக்குதுங்க. அது ஹோல்டுல இருக்கற மாதிரி தெரியுதுங்க.”

“எனக்குத் தெரியும்” என்றேன். “கோடை விழா வரப்போகுது. இப்ப அங்க கை வெச்சு பிரிண்டர் போச்சுன்னா நீ போய்ப் பதில் சொல்றியா? சீசன் முடியட்டும்.”

“நொம்பப் பெரிய ஓட்டைங்க சார் அது.”

“பத்து வருஷமா இதைத்தான் நான் பண்றேன்.”

அவள் போய் நோட்டில் ஏதோ எழுதினாள். நான் பார்க்கவில்லை.

கோடை விழா முடிந்து, பூக்களெல்லாம் வாடி, கார்கள் இறங்கிப் போன அந்த வாரத்திலேயே நடந்துவிட்டது. திங்கட்கிழமை காலை லேப் மெஷினைத் திறந்தால் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுக் கிடந்தன. திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். அங்கிருந்து பரவி ஆஸ்பத்திரியின் மற்ற மெஷின்களும் போயின. பத்திரத்துக்குத் தனியாக நகல் எடுத்து வைத்திருந்ததும் பாதிதான் தேறியது.

மூன்று நாள் ஆஸ்பத்திரி தடுமாறியது. நோயாளிகளின் பழைய ரிப்போர்ட் ஒன்றும் இல்லை. எடுத்த ரத்தத்தையே மறுபடி எடுத்தார்கள். வெள்ளக்கடையில் இருந்து காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தைக்கு மூன்று முறை குத்தினார்கள், அது மூன்றாவது முறை அழக்கூட இல்லை, வெறுமனே கையை நீட்டியது. எஸ்டேட்டில் இருந்து லீவு போட்டு வந்த பெண்கள் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, நாளைக்கு வா என்ற பதிலோடு பஸ் ஏறினார்கள். அவர்களில் பாதிப் பேர் அவள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். அவளைத் தெரிந்தவர்கள்.

நான் அந்த மூன்று நாளும் அங்கேயே கிடந்து எல்லா மெஷினையும் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டேன். அப்படித்தான் செய்ய வேண்டும், உள்ளே வந்தவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரியாது. அழிக்கும்போது மெஷினில் இருந்த பதிவுகளும் போகும். யார் எப்போது எதை ஹோல்டில் வைத்தார்கள் என்ற பதிவும் போகும். வேலைக்காகத்தான் அழித்தேன். ஆனால் அழித்து முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி அறையில் கூடினோம். முதலாளி, ஆஸ்பத்திரி மேனேஜர், நான், அவள். முதலாளி சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரிந்தது பச்சையும் சிவப்பும் மட்டுமே. அவர் முன்னால் சித்திரை மாத ரிப்போர்ட் கிடந்தது. எல்லாம் பச்சை, அடியில் அவள் பெயர்.

“ஏங்கண்ணு, எல்லாம் போட்டாச்சுன்னு நீதான எழுதியிருக்கற?”

“ரிப்போர்ட்டு அப்படி வந்துச்சுங்க. ஆனா அந்த மெஷின்ல ஏறலைன்னு நான் பாத்தேனுங்க. சார்கிட்டயும் சொன்னேனுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “எங்கிட்ட எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லைங்க.”

அவள் நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அந்தப் புதன்கிழமைப் பக்கம். சிவப்பு மையில் லேப் மெஷின், பழைய வெர்ஷன், சாரிடம் சொன்னேன், இடி காரணம் என்றார். அழகான கையெழுத்து. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேனேஜரும் எட்டிப் பார்த்தார். அறையில் காற்று மாறுவது எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவள் பக்கம் போயிருக்கும்.

“இதை எப்ப வேணா எழுதலாங்க” என்றேன். “நோட்டுதான. முந்தாநாள் ராத்திரி உக்காந்துகூட எழுதியிருக்கலாம்.”

ஐந்து வருஷமாகக் கோடு கோடாக அவள் எழுதியது அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். மேனேஜர் “அதான பாத்தேன்” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. வெகுநேரம் பார்த்தாள். கெஞ்சுகிறாள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன், அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பக்கத்தைத் திருப்புவதற்குப் போன அவள் விரல் நோட்டின் ஓரத்தில் நின்றது. பிறகு நோட்டை மூடிவிட்டாள்.

“தப்புப் பண்றது மனுஷன்தான், அதக்கூட மன்னிச்சுருவேன்” என்றார் முதலாளி. “எழுத்த மாத்தறது நல்ல பழக்கம் இல்ல சாமி. நாளைல இருந்து வர வேண்டாங் கண்ணு. அந்த நோட்டு ஆபீஸ் நோட்டு, வெச்சுட்டுப் போ.”

கண்ணு, சாமி என்று கொஞ்சிக்கொண்டே ஒருத்தியை வெளியே தள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் வரும். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். எல்லோரிடமும் “வரேனுங்க” என்று சொன்னாள். என்னிடமும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரவு பகல் பாராமல் மீட்டுக் கொடுத்தவர் என்று மேனேஜர் மைக்கில் பேசினார். அதே மேனேஜர்! லேப்காரர் ஃபோட்டோ எடுத்தார். பொன்னாடை இன்னும் அலமாரியில் இருக்கிறது, சாயம் போகும் ரகம்.

கொட்டச்சேட்டு பஸ்ஸில் அவளை ‘ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவ’ என்று பேசிக்கொள்கிறார்கள் என்று பஜ்ஜிக் கடைக்காரர் சொன்னார். குழந்தைக்கு மூன்று தடவை குத்தின கதையும் அவள் பெயரிலேயே சுற்றியது. நான் இரண்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

அவள் நோட்டு என் டிராயருக்கு வந்தது. சில வாரம் தொடவில்லை. பிறகு ஒரு லாட்ஜ் மெஷினில் எந்த வெர்ஷன் இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போனபோது வேறு வழியில்லாமல் திறந்தேன். எல்லாம் இருந்தது. ஒவ்வொரு மெஷினின் சுபாவமும் அதில் இருந்தது. எந்த ரிசப்ஷனிஸ்ட் இடிக்கு முதலில் வயர் பிடுங்குவார் என்பதுகூட. அப்படியே புரட்டிக்கொண்டு போனபோது அந்தச் சித்திரைப் பக்கம் வந்தது. அவள் மேஜையில் திறந்து வைத்த பக்கம். அதற்கு அடுத்த பக்கத்தை நான் அன்றைக்குத்தான் படித்தேன்.

“லேப்பில் ஃபோன் செய்து கேட்டேன். நேற்று வயர் பிடுங்கவில்லையாம். காரணம் இடி இல்லை. பேக்கேஜ் ஹோல்டில் இருக்கிறது. வைத்தது சார் லாகின், மார்கழி மாதம், காலை பத்தே கால். சார் மறந்திருப்பார். மற்றவர் முன்னால் கேட்கக் கூடாது. தனியாகக் கேட்க வேண்டும்.”

அதற்குக் கீழே, அடுத்த புதன்: “கேட்டேன். சாருக்குத் தெரியும். சீசன் முடியட்டும் என்றார்.”

எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் லாகின், மணி, எல்லாம். முதலாளி அறையில் அந்தப் பக்கத்தை ஒரு விரலால் திருப்பியிருந்தால் நான் தொலைந்தேன். பத்தே கால் என்று மணியோடு யாரும் பொய் எழுதமாட்டார்கள், அன்று லேப்காரர் எனக்கு ஃபோன் செய்த நேரம் அவர் ஃபோனிலேயே இருந்திருக்கும். அவள் திருப்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அது கெஞ்சல் இல்லை. நானே சொல்லிவிடுவேன் என்று நேரம் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மற்றவர் முன்னால் என்னைக் கேட்கக் கூடாது என்று எழுதி வைத்தவள், மற்றவர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், அதற்கும் துணிச்சல் வரவில்லை. நோட்டு வேலைக்கு உபயோகமாக இருந்ததால் பையில் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அதைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். இந்த வருஷம் உங்கள் வேலை ரொம்பச் சுத்தம் என்று முதலாளி என்னைப் பாராட்டினார்.

தை மாதம் பெங்களூரில் இருந்து ஒரு ஃபோன் வந்தது. ஒரு பெண் குரல், நல்ல தமிழ். வீட்டில் இருந்தே சர்வர்களுக்கு பேட்ச் போடும் வேலைக்கு அவளை எடுக்கப்போகிறார்களாம். பரீட்சையில் எல்லோரையும்விட மேலே வந்திருக்கிறாள். பழைய இடத்தில் பதிவைத் திருத்தியதாகத் தன்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது பொய் என்று அவளே விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாள்.

“அதை மட்டும் உங்ககிட்டக் கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன் சார். அந்த நோட்டை அவங்க பின்னாடி எழுதினாங்களா, அன்னிக்கே எழுதினாங்களா?”

நோட்டு என் முன்னால் மேஜையில் திறந்து கிடந்தது. எங்கள் முதலாளிதான் இவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அன்றைக்கே எழுதினாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் ஏன் வேலையை விட்டு அனுப்பினீர்கள் என்பார்கள். அது முதலாளி காதுக்குப் போகும்.

“அதைப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பலைங்க” என்றேன்.

“புரியுது சார்” என்றாள் அந்தப் பெண். புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது.

மாசியில் கொட்டச்சேட்டு எஸ்டேட் ஒன்றின் ஆபீஸ் மெஷினுக்கு பேட்ச் போடப் போனேன். ஸ்கூட்டர் ரிப்பேர், அதனால் பஸ். வேலை முடிந்து திரும்பி வரும்போது காப்பிக் களத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் கீழே ஆள் வருகையை எழுதும் வேலையாம். கையில் நீளமான ஒரு ரிஜிஸ்டர். இளைத்திருந்தாள். காதில் எப்போதும் போட்டிருக்கும் சின்னத் தோடு இல்லை.

“வாங்க சார். நல்லா இருக்கறீங்களாங்க? ஊட்ல எல்லாரும் சௌக்கியமாங்க?”

சௌக்கியம் என்றேன். அப்பா எப்படி என்று கேட்டேன். அப்படியேதான் இருக்காருங்க என்றாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். என் தோளில் பை. பைக்குள் அவள் நோட்டு.

“ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க சார். உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம உங்க நம்பரக் குடுத்துட்டேனுங்க. பெங்களூர்ல ஒரு வேலைக்கு. விசாரிக்க ஒரு ஆளச் சொல்லுங்கன்னாங்க.”

“என் நம்பரையா?”

“அந்த நோட்டு எப்ப எழுதினதுன்னு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதானுங்களே சார். வேற யாரப் போய்ச் சொல்றதுங்க?”

களத்தில் பெண்கள் காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்குச் சொல்றோம்னாங்க. அப்புறம் கூப்பிடவே இல்லீங்க. தை மாசம் பூராக் காத்துட்டு இருந்தேன்” என்றாள். “ஏனுங்க சார், உங்களுக்கு ஃபோன் ஏதும் வந்துச்சுங்களா?”

முதலாளி அறையில் பார்த்த அதே பார்வை. இந்த முறை அது என்ன என்று எனக்குத் தெரியும். நேரம் கொடுக்கிறாள். பையின் ஜிப்பைத் திறந்து நோட்டை எடுத்து அவள் கையில் கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பஸ் இன்னும் வளைவில்கூடத் திரும்பவில்லை.

“இல்லையே” என்றேன். “எதுவும் வரலையே.”

அவள் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே, மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப இடியா இருக்கும்ங்க சார். வயரப் புடுங்கியிருப்பாங்க.”

தை மாதத்தில் இந்த மலையில் இடி இடிக்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பஸ் வந்தது. பார்த்துப் போங்க சார் என்றாள். நான் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன்.